அறுபத்திரண்டாம் நம்பர் கார்டு

பொருளுக்கு விலை சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. பத்து வயதிலேயே இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் கார்டு இருக்கும். எங்கள் தெருவில் எல்லோரும் கம்மை வாயில் போட்டுக்கொண்டுதான் கார்டைப் பார்ப்பார்கள். எனக்குக் கம் பிடிக்காது. அதைக் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டு, ஈடாக இன்னொரு கார்டு வாங்கிக்கொள்வேன். ஒரு பொட்டலத்துக்குக் காசு கொடுத்து இரண்டு கார்டு எடுத்தவள் அந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

கார்டு பஸ் பாஸ் அளவில் இருக்கும். முன்பக்கம் ஆட்டக்காரர் படம். பின்பக்கம் எத்தனை மேட்ச், எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று வரிசையாகப் போட்டு, மூலையில் ஒரு நம்பர். ஒன்றிலிருந்து நூறு வரை. ஆளுக்குப் பாதிக் கட்டு வைத்துக்கொண்டு, "ரன்?" என்று ஒருவர் கேட்க, யாருடைய கார்டில் அதிகமோ அவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அது ஆட்டம். எனக்கு நூறும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிப்பார். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு கிரிக்கெட்டு கார்டு?"

"துட்டு என்னுது அண்ணாத்த. நீ கம்மு குடு" என்பேன். வீட்டில் இப்படிப் பேசினால் அம்மா வாயிலேயே போடுவாள். நாங்கள் விருதுநகர்ப் பக்கம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. வீட்டுக்குள் ஒரு தமிழ், வாசலைத் தாண்டினால் இன்னொரு தமிழ் என்று நான் இரண்டையும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பது கார்டு வரை சுலபமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன வாங்கினாலும் வந்ததே வந்தது. மற்றவர்கள் அதிர்ஷ்டத்தைத் திட்டினார்கள். நான் யோசித்தேன். புதுப்பட்டினத்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் சரக்குப் போடுவது ஒரே வண்டி. அந்த வண்டியில் வரும் பெட்டிகளில் சில நம்பர்களே கிடையாது. கல்பாக்கம் டவுன்ஷிப் ஸ்டோருக்கு வேறு ஏஜென்ட், அங்கே வேறு நம்பர்கள். இது புரிந்த நாளிலிருந்து, யார் செங்கல்பட்டு போனாலும், யார் மாமல்லபுரத்துக்கு விருந்தாளியைக் கூட்டிப்போனாலும், கையில் காசைத் திணித்து அனுப்பினேன். இன்றைக்கும் நான் இதைப் பெருமையாகவே சொல்வேன். கடை மாறினால் சரக்கு மாறும் என்பதைப் பெரியவர்களே மறந்துவிட்டு, பக்கத்துக் கடையிலேயே நின்று புலம்புவார்கள்.

அப்படித் தொண்ணூற்றொன்பது சேர்ந்தது. மீதி இருந்தது அறுபத்திரண்டு. அது யாரோ ஒரு வெளிநாட்டு விக்கெட் கீப்பர். ஆளொன்றும் பெரிய ஆளில்லை. ஆனால் அந்த நம்பர் எங்கள் பக்கத்துப் பெட்டி எதிலும் வரவில்லை. தெருவில் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த என் சிநேகிதியிடம்.

அவள் அப்பா லாரி ஓட்டினார். ஊர் செங்கல்பட்டுக்குத் தெற்கே படாளம். திருச்சி போகும் ஜிஎஸ்டி ரோட்டில் போகவர, எங்கே டீக்கு நிறுத்தினாலும் மகளுக்கு ஒரு பபிள்கம் வாங்கிப் போட்டுக்கொள்வார். எந்தத் திட்டமும் இல்லாமல், நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அந்த மனுஷர் டீ குடித்துக்கொண்டே செய்தார். திண்டிவனத்தில் வாங்கிய பொட்டலத்தில் அறுபத்திரண்டு வந்தது.

பத்துக் கார்டு தருகிறேன் என்றேன். "உன்னோட பத்தும் என்கிட்ட கீதுடி" என்றாள். புது ஜியோமெட்ரி பாக்ஸ் என்றேன். அதற்கும் மசியவில்லை. "எங்க நைனா வாங்கியாந்தது. குடுக்க மாட்டேன், போ" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று நம்பிய எனக்கு அது முதல் அடி. அவளுக்கு விலை சொல்லத் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் பொழுதுபோக்குக் கண்காட்சி வைத்தார்கள். தபால்தலை, நாணயம், கிளிஞ்சல் என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். நான் கார்டு வைப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். தொண்ணூற்றொன்பதைக் கொண்டுபோனால் எல்லோரும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் கேட்பார்கள். அதே வாரம் சிநேகிதி வீட்டில் காலி செய்வதாகச் சொன்னார்கள். அவள் அப்பா சொந்த லாரி எடுத்துவிட்டார். இனி படாளத்திலிருந்தே ஓட்டப் போகிறார். அவள் வேறு பள்ளி, என் கண்காட்சியால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நான் கெஞ்சுவதைப் பார்த்துவிட்டு, கார்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கடனாத்தான். ஞாயித்துக்கெழம காலைல வண்டி கெளம்பும். அதுக்குள்ள வந்து குடுத்துடணும். குடுக்கல, அதுக்கப்பறம் உன்னோட பேசவே மாட்டேன்."

"சத்தியமா குடுத்துடுவேன்" என்றேன். அப்போது அந்தச் சத்தியத்தில் எந்தக் கள்ளமும் இல்லை.

கண்காட்சி வெள்ளிக்கிழமை முடிந்தது. முதல் பரிசு கிளிஞ்சலுக்குப் போனது. கடற்கரையில் சும்மா கிடப்பதைப் பொறுக்கியதற்குப் பரிசா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வந்தவர்கள் என் மேஜையில்தான் அதிக நேரம் நின்றார்கள், நூறையும் எண்ணிப் பார்த்தார்கள். அப்பாவும் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து நூறு வரை படித்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பொருளையும் வாங்கியவுடன் மூடிவிடுவார். டிவிக்கு உறை. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர், அதன் மேல் ரப்பர் பேண்ட். ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனி சுற்றிக்கொடுத்த பாலிதீன், மூன்று வருடமாக. சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் தொடையெல்லாம் ஒட்டி, பிய்த்துக்கொண்டு எழ வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது, லேமினேஷன். எங்கள் பக்கத்துச் சம்பளக்காரக் குடும்பங்களில் அன்றைக்கு அது ஒரு சடங்கு மாதிரி. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஜாதகம், குலதெய்வம் படம் என்று முக்கியமானது எதுவோ அது லேமினேட் ஆகிவிடும். எதையாவது லேமினேட் செய்துவிட்டார்கள் என்றால் அதை மதிக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்கிய பொருளைத் தொட முடியாமல் மூடிவைப்பதைப் போன்ற அநியாயம் உலகத்தில் இல்லை என்பது அப்போதும் என் கட்சி. நான் கைமாற்றுகிறவள், அவர் மூடிவைக்கிறவர். எங்கள் இருவருக்கும் ஒத்தே வராது.

சனிக்கிழமை மதியம் அவர் ஏதோ சான்றிதழ் வேலையாகச் செங்கல்பட்டு போய்விட்டு வந்தார். கையில் பெரிய பிரவுன் கவர். என்னைக் கூப்பிட்டு நீட்டினார். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

உள்ளே பத்துத் தாள்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று கார்டுகள், நம்பர் வரிசை தப்பாமல். எனக்குத் தெரியாமல் கார்டுகளை எடுத்துப்போய், தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து அவரே அடுக்கினாராம். எல்லாம் கெட்டியாக, பளபளவென்று, வெந்நீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதபடி லேமினேட் செய்யப்பட்டிருந்தன. கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், கார்டு வாங்குவதைத் தண்டச் செலவு என்று சொன்னவர், நூறையும் சாதிச் சான்றிதழுக்குச் சமமாக்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

"இனி ஆயுசுக்கும் பயமில்ல. பத்திரமா வச்சுக்கிடலாம்" என்றார்.

ஏழாவது தாளில், மேல்வரிசையில் இரண்டாவதாக, அந்த விக்கெட் கீப்பர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். "அப்பா, இது என்னோடது இல்ல" என்று சொன்னபோது அழுதுவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு டூல்பாக்ஸிலிருந்து ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் எடுத்துவந்து, தாளின் மேல் ஓரத்திலிருந்து அளந்து, அந்த ஒரு கார்டை மட்டும் வெட்டி எடுத்தார். சுற்றிலும் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டினார், இல்லாவிட்டால் பிரிந்துகொள்ளும் என்று. குழந்தை கையில் குத்தும் என்று நான்கு மூலைகளையும் கத்தரியால் உருட்டினார். தாள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. "நானும் வாரேன். தப்பு என் மேல. நான் சொல்லிக்கிடுறேன்" என்றார்.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது லாரியில் சாமான் ஏற்றி முடித்திருந்தார்கள். கட்டில் தலைகீழாக மேலே இருந்தது. சிநேகிதி கேபினில் ஏறப் போனவள் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தாள். அப்பா எனக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார், அதுவும் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம், எல்லார் முன்னாலும். அதை என்னால் தாங்க முடிந்திருக்காது. அவர் வாயைத் திறக்குமுன் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"இத பாருடி, உனக்காக ஸ்பெஷலா செங்கல்பட்டுல குடுத்து லேமினேஷன் பண்ணிக்கினு வந்தோம். இனிமே நனையாது. கிழியாது. கசங்காது. கலர் போவாது. சும்மா கார்டு யார்கிட்ட வேணா இருக்கும், லேமினேஷன் கார்டு உன் ஒருத்திகிட்டதான். கடையில கேட்டா இதுக்குத் தனி ரேட்டு, தெரியுமா?"

வாயாலேயே வடை சுட்டு அடுக்கினேன். அவள் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் தட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலே, அப்பாவைப் பார்த்தாள்.

"சூப்பரா கீது அங்கிள்" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். லாரி கிளம்பிப் போனது. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பாழாய்ப்போன ஒரு பொருளை, அது பாழாய்ப்போனதையே சிறப்பு என்று சொல்லி, ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டேன் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கதை எனக்குச் சோறு போட்டது. இரண்டாயிரங்களில் படித்து முடித்து, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் விற்பனை வேலைக்குப் போனேன். இன்டர்வியூவில், "நீங்கள் முதன்முதலில் விற்ற பொருள் எது?" என்று கேட்டார்கள். லேமினேஷன் கார்டைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். வாங்குகிறவர் விலைக்கு மயங்குவதில்லை, சொல்லுக்குத்தான் மயங்குகிறார் என்று முடிப்பேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தால், வேண்டாத ஒன்றுக்காக வேண்டாத இரண்டை வாங்கிக்கொண்டு வரும் ஜனம்தானே நாம். எனக்குத் தெரியாதா?

அந்த வகுப்பில் இருந்த ஒரு பையன் மறுநாள் என் மேஜைக்கு வந்தான். பழைய கார்டு சேர்க்கிறவனாம். ஒவ்வொரு கார்டையும் கெட்டிக் கவரில் போட்டு, ஓரத்தைக்கூடத் தொடாமல் வைத்திருப்பான். "அந்த செட் இன்னும் இருக்கா மேடம்?" என்றான். ஏழாவது தாளை எடுத்துப்போய்க் காட்டினேன். துக்க வீட்டில் நிற்பவன் மாதிரி நின்றான்.

"இத ஏன் மேடம் லேமினேட் பண்ணீங்க? எல்லாம் வேஸ்ட். ஒத்த ரூபா கூடப் போகாது." பிறகு காலி இடத்தைத் தொட்டு, "இங்க எது?" என்றான். அறுபத்திரண்டு என்றேன். "அய்யோ, அதத்தான் எல்லாரும் தேடுறாங்க. அது சில ஏரியாவுல மட்டும்தான் வந்துச்சு."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் அவளிடமிருந்து வாங்கிப்போனது அவள் வைத்திருந்ததிலேயே அருமையான பொருள். திருப்பிக் கொடுத்தது குப்பை. அதை இத்தனை வருடம் ஜோக்காகச் சொல்லிச் சம்பாதித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் உடைந்துபோய் உட்காரும் ஜாதி இல்லை நான். பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். அந்தப் பையன் மூலமாகவே இணையத்தில் தேடி, கசங்காத அறுபத்திரண்டு ஒன்றை வாங்கினேன். ஒரு மாத வீட்டு வாடகையில் பாதி ஆனது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம் வந்தது. திரும்பும்போது படாளம் கூட்டு ரோட்டில் இறங்கி விசாரித்தேன். லாரிக்காரர் பெண் என்றதும் கை காட்டினார்கள். ரோட்டோரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். உள்ளே காதில் போனை இடுக்கிக்கொண்டு, எவனையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி! நீயா? அங்கிள் எப்பிடி கீறாரு?"

நான் சுற்றி வளைக்கவில்லை. கவரை எடுத்து மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அப்பா தெரியாமல் செய்தது, நான் கதை விட்டது, எல்லாம். அவள் கார்டை வெளியே எடுக்காமலே பார்த்தாள்.

"இன்னா வெல இது?"

சொன்னேன்.

"லூசாடி நீ?" என்று கவரைத் தள்ளினாள். "கதை உட்டன்னு அன்னைக்கே தெரியும். நீ பேசுனத எவ நம்புவா? படாளம் வர்ற வரைக்கும் அழுதுகினே வந்தேன். எங்க நைனா வண்டிய நிறுத்தி மோர் வாங்கிக் குடுத்தாரு. பிளேடு வச்சி பிரிச்சிக்கூட பாத்தேன், வரல."

"அப்ப ஏன் சூப்பர்னு சொன்ன?"

"அங்கிள் நின்னுகினு இருந்தாரு இல்ல? சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிக்கினு, திருட்டுப் பையன் மாரி மூஞ்சிய வச்சிக்கினு. பரீட்ச பேப்பர் குடுத்துட்டு நிக்கிறா மாரி நின்னாரு. அவர வச்சிக்கினு நல்லாலன்னு எப்பிடிடி சொல்றது?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் யாருக்கும் எதையும் விற்கவில்லை. என் அப்பாவின் முகத்துக்காக ஒரு பத்து வயதுப் பெண் தன் ஒரே உசத்தியான பொருளை விட்டுக்கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்று நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் முன்னாலேயே அழுதேன், கூச்சப்படாமல்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? என்னுது இதோ கீது பாரு" என்று ஆபீஸ் சாவிக்கொத்தை எடுத்துப் போட்டாள். அதில் ஒரு ஓரத்தில் ஓட்டை போட்டு, வளையத்தில் கோத்து, அறுபத்திரண்டு தொங்கியது. ஒரு மூலை மட்டும் வெளுத்திருந்தது, பிளேடு பட்ட இடம். மற்றபடி டீ சிந்தி, டீசல் பட்டு, அத்தனை வருடம் கையில் புழங்கியும் அந்த விக்கெட் கீப்பரின் கையுறை அப்படியே பச்சையாக இருந்தது. "இத்தினி வருசத்துல மூணு வாட்டி பூட்டு மாத்திட்டேன். இது ஒண்ணும் ஆவல. அங்கிள் கிட்ட சொல்லு."

புதுக் கார்டை அவள் வாங்கவே இல்லை. டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

அப்பா அப்போது ஓய்வு பெற்று எங்களோடு படூரில் இருந்தார். அடுக்குமாடி வீடு, புது ஃபிரிட்ஜ், அதன் கைப்பிடிக்கு அவர் தைத்துப் போட்ட துணி உறை. நான் வீட்டுக்கு வந்தபோது டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"கலர் போகலையா?"

"போகலப்பா."

"ஓரம் பிரியலையே?"

"இல்ல."

"மூலைய உருட்டி வெட்டுனதுனாலதான்" என்று தலையாட்டிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த கவரைப் பார்த்துக் கேட்டார். "அது என்ன?" எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நம்பரைப் படித்தார். எழுந்து போய், என் அலமாரியிலிருந்து ஏழாவது தாளை எடுத்துவந்து, காலி இடத்தில் கார்டை வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, செட்டு முழுசாயிருச்சே! தாளோட சேத்து இதையும் ஒரு லேமினேஷன் போட்டுரலாமா?"

ஆபீஸ் பையனின் முகம் எனக்கு ஒரு நொடி கண்முன் வந்துபோனது. அரை மாத வாடகையும் வந்துபோனது. அப்பா கார்டின் மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூப்பரா இருக்கும்பா" என்றேன். சனிக்கிழமை இருவரும் செங்கல்பட்டு போனோம்.